செல்வக்கனி சிஸ்டர் கேட்ட இருபது நிமிடம்

தென்காசியில் நம் மருத்துவமனையின் ஆஞ்சியோ அறையில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்த செல்வக்கனி சிஸ்டர் போய்விட்டார். சுரண்டையிலிருந்து அவருடைய தங்கை போன் செய்தார். "அக்கா போயிட்டா சார். குளிப்பாட்டியாச்சு" என்றவர் என்னிடம் ஒன்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். அப்போதெல்லாம் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகத்தான் மெல்லிய குழாயை ஏற்றி மூளையைப் படம் பிடிப்போம். அதை உருவியதும் அந்த இடத்தை இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடிப்பது சிஸ்டரின் வேலை. பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் வெட்கத்தில் போர்வையை இழுத்து இழுத்து மூடினார். "அண்ணாச்சி, கூச்சப்பட்டா ரத்தம் நிக்காது. நீங்க கத்திரிக்காயைப் பாக்குத மாதிரிதான் நான் பாக்குதேன். பேசாம கெடங்க" என்றார் சிஸ்டர். அறையே சிரித்தது. வியாபாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இத்தனைக்கும் குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தும் ஒரு நாளும் அருவியில் குளிக்காதவர் அவர். "நாலு பேரு பாக்க நனைஞ்சுகிட்டு நிக்கவா?" என்பார். மணிக்கட்டு வழியாகச் செய்ய நான் தொடங்கியபோது அவர்தான் அதிகம் மகிழ்ந்தார். துணி விலக்க வேண்டாம், முடிந்ததும் எழுந்து உட்காரலாம். "பொம்பளையாளுவ தப்பிச்சாளுவ சார்."

போன மாதம் அவருக்கே தலைவலி. மூளை ரத்தக்குழாயில் வீக்கம் என்று ஸ்கேன் காட்டியது. ஆஞ்சியோ செய்து பார்க்க வேண்டியிருந்தது.

"கையிலயே முடிச்சிருங்க சார். இங்கன நிக்கது பூராவும் நம்ம பயலுவ."

சரி என்றேன். அந்த மெலிந்த மணிக்கட்டில் ரத்தக்குழாய் இறுகிக்கொண்டது, குழாய் நகரவில்லை. தொடைதான் வழி என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "கூச்சப்பட்டா ரத்தம் நிக்காது" என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அன்றும் அறை சிரித்தது. அவர் போர்வையைத் தானே விலக்கிக் கொடுத்தார்.

அழுத்திப் பிடித்தது நான்தான். சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த முகத்தைக் காணச் சகிக்காமல் கையை எடுத்தேன்.

"பதினாலு நிமிஷம்தான் ஆச்சு சார்" என்றார் சிஸ்டர்.

"போதும் சிஸ்டர், ரத்தம் நின்னுட்டுது" என்று வெளியே வந்துவிட்டேன். பிறகு அந்த இடத்தைப் பார்க்கவும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள், மூன்றாம் நாளே, தங்கை வீட்டில் வைத்து அந்த வீக்கம் வெடித்துவிட்டது.

தங்கை கேட்டது இதுதான்: "தொடையெல்லாம் ஒரே நீலம் சார். குளிப்பாட்ட வந்த பொம்பளையாளுவ எல்லாரும் பாத்தாளுவ. அக்காவை யாரு சார் அடிச்சா?"

ஊசி போட்ட இடம் என்று சொல்லி போனை வைத்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் அழுத்தாமல் விட்ட அந்த ஆறு நிமிடம்.