முன்வீட்டு ஆள்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு ஃபிளாட் காட்டிய புரோக்கர் மெலிந்த மனிதர். வெயிலிலும் குடையை விரிக்கமாட்டார். எந்த வீட்டிலும் முதலில் யன்னல் கிரில்லை நகத்தால் சுரண்டுவார். கடற்காற்றில் துருப்பிடித்திருந்தால் வேண்டாம் என்பார்.

ஒரு வீட்டில் கிரில் முழுக்கத் துரு. ஆனால் முன்வீட்டுச் சிங்கள அம்மாவோடு சிறிதுநேரம் கதைத்துவிட்டு வந்து, அதையே வாங்கச் சொன்னார்.

“இதிலயும் துருதானே?” என்றேன்.

“கிரில்லை மாத்தலாம் தங்கச்சி. ரவுண்டப்பில ஆமி வந்தா, இவையள் நல்ல ஆக்கள் எண்டு சொல்ல முன்வீட்டில ஒரு ஆள் வேணும். அதை எங்க போய் வாங்கிறது?”

வாங்கினோம். சுற்றிவளைத்துச் சோதனையிட இராணுவம் வந்தபோதெல்லாம் அந்த அம்மா எங்களுக்காகப் பேசினார்.

ஒரு சுற்றிவளைப்புக்குப் பிறகு புரோக்கரைக் காணவில்லை. அவருடைய முன்வீட்டில் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.