பாக்கியம்மா சேவ் பண்ணாத படம்

காஜா பேராங் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ கூத்து பார்த்திருக்கிறேன். கீபோர்டுக்குள் எறும்புப் புற்றுகூடப் பார்த்தாயிற்று. ஆனால் நல்ல நேரம் பார்த்துப் படத்தைச் சேவ் பண்ணுகிறவர் எனக்குத் தெரிந்து பாக்கியம்மா ஒருவர்தான்.

முழுப் பெயர் பாக்கியலட்சுமி. அடுத்த சந்தில் வீடு. வக்கீல் ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அவருக்குக் கல்யாணம். கணவர் மருதமுத்து லாரி ஓட்டியவர். ஏழே வருஷத்தில், ஜோகூருக்குச் சரக்கு ஏற்றிப் போனவர் மூவார் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அவருடைய படமென்று மிஞ்சியது, தெங்கேரா ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் ஒன்றுதான். அதிலும் பூஞ்சை ஏறி முகம் பாதி போய்விட்டது.

மெர்டேக்கா ஐம்பதாம் ஆண்டு வந்தது. அவர்கள் கல்யாணத்துக்கும் ஐம்பது. அந்த நாளில் படத்தைச் சரிசெய்து மாட்ட வேண்டும் என்று பாக்கியம்மாவுக்கு ஆசை. நான் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். முகத்தை வேறு யாரும் தொடக்கூடாதென்று அவரே மவுஸைப் பிடித்துப் பூஞ்சையைப் புள்ளி புள்ளியாகத் துடைத்தார். கை நடுக்கம் வேறு. வாரக்கணக்கில் இழுத்தது.

"நல்ல நேரத்துல தொடங்குனத நல்ல நேரத்துலதான் முடிச்சு வைக்கணும், தம்பி. பாதியில சேவ் பண்ண மாட்டேன்" என்றார். தினமும் ஹைபர்னேட்டில் போட்டுவிடுவார். திறந்த படம் திறந்தபடியே உறங்கி, மறுநாள் அதே இடத்தில் விழிக்கும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முகம் முழுசாக வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் ராகு காலம். வழக்கம்போல் உறங்க வைத்துவிட்டார். மறுநாள் காலை எழுப்பினால், உள்ளே மின்விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. லேப்டாப்பை மூடாமல் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ரோசாக் ஆயிடுச்சா தம்பி, கெட்டே போச்சா?"

"ஆஃப் பண்ணீங்களா?"

"பட்டன தொடவே இல்ல."

அதற்கே அவரைக் கும்பிடலாம். கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். சின்ன விளக்கு எரிந்தது. இன்னொரு முறை அழுத்தினேன், அணைந்தது.

"உள்ளுக்குள்ள முழிச்சுத்தான் இருக்கு, பாக்கியம்மா. திரைதான் எழும்பல."

இதே ரக லேப்டாப் இரண்டு அந்த வாரம் என்னிடம் வந்திருந்தன. திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவருக்குப் புதியது ஒன்று இணையம் வழியாகத் தானாக வந்து இறங்கியிருந்தது. அது சாதாரணமாக வேலை செய்யும். உறங்கி எழுந்தால் திரையை எழுப்பத் தெரியாது. மருந்து சுலபம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, பழைய டிரைவரைப் போட வேண்டியதுதான். ஆனால் அணைத்தால் மருதமுத்துவின் முகமும் போய்விடும். அந்தக் கை இனி இன்னொரு முறை அதை வரையாது. எனக்குப் பயமாகவே இருந்தது.

கடை மானிட்டரை ஒயரில் இணைத்து, படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். மானிட்டர் சிமிட்டியது, இருண்டது, பிறகு வந்தது. வேட்டி கட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு இளைஞர் நின்றிருந்தார். பக்கத்தில் தலைகுனிந்த பாக்கியம்மா.

"இப்பவே சேவ் பண்ணிடுங்க" என்றேன்.

அவர் கண் திரையின் மூலைக் கடிகாரத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. மறுபடியும் ராகு காலம்.

"பன்னெண்டு மணி வரைக்கும் இது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது, பாக்கியம்மா."

படம் ஒருமுறை சிமிட்டி நின்றது. அவர் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோகூர் போன அன்னிக்கு எங்கப்பா பஞ்சாங்கம் பாத்துத்தான் இவர அனுப்புனாரு" என்றார் மெதுவாக. "நல்ல நேரத்துலதான் தம்பி லாரி ஏறுனாரு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டைப் அடித்துப் பழகிய விரல்கள் விசையைத் தேடவில்லை. சேவ் ஆனது.

"பிரிண்டும் போட்ரு" என்றார். ராகு காலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.