தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்

சண்டைக்காலத்தில் கல்யாணமான பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. ரயிலில் இடம் கிடைக்கும்வரை பிறந்த வீட்டில் இருக்கலாம். எனக்கு அது சில மாதம் கிடைத்தது. பிறகு என் கணவர் லீவு போட்டுக்கொண்டு வந்து, பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு மூன்றாம் வகுப்பில் என்னை அழைத்துப் போனார். பெட்டியில் பாதிப் பேர் பட்டாளத்துக்காரர்கள். கூஜாத் தண்ணீர் வழியிலேயே தீர்ந்துவிட்டது. ஏதோ ஒரு ஜங்ஷனில் அவர் இறங்கி ஓடி நிரப்பிக்கொண்டு வந்தார். கலங்கலாகத்தான் இருந்தது. இருந்த தாகத்தில் அதை யார் பார்த்தார்கள்? அவரும் குடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கல்யாண் ஸ்டேஷன் தாண்டும்போதே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது.

மாட்டுங்காவில் எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. வீட்டில் அவர், என் மாமியார், நான். மாடியிலிருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் சேர்த்து வராந்தாக் கடைசியில் இரண்டு கக்கூஸ். காலையில் ஆளுக்கொரு தகர டப்பாவோடு வரிசையில் நிற்க வேண்டும். புதுப்பெண் என்றால் நலங்கு, பாட்டு, முகம் பார்ப்பது என்றெல்லாம் இருக்குமே, எனக்கு அதெல்லாம் அந்த வரிசையில்தான் நடந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாடி முழுவதும் என் டப்பாவைப் பார்த்துவிட்டது. ஒரு தடவை போய்விட்டு வந்து, உடனே மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பேன். சில நாள் அதற்குள்ளேயே காரியம் கெட்டுவிடும். அந்த அவமானத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

"ஒண்ணுமில்லேடி, தண்ணி மாத்தம்" என்றார் மாமியார். "நான் வந்தப்போ நேக்கும் இப்படித்தான் ஆச்சு. பம்பாய்க்கு வரவா எல்லாரும் கட்டற வரியாக்கும் இது."

மாடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வரியைக் கட்டியவர்கள். அதனால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓமக் கஷாயம், மாதுளம்பழத் தோல், ஜாதிக்காயை இழைத்து மோரில். எல்லாவற்றையும் குடித்தேன். லங்கனம் பரம ஔஷதம் என்று பட்டினியும் போட்டார்கள். தண்ணீர் கேட்டால், "தண்ணி குடிச்சா தண்ணியாத்தானேடி போகும்? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார். இரண்டு நாள் நின்ற மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும். வாரங்கள் போயின. ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. டாக்டர் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாததற்கு யாராவது டாக்டரிடம் போவார்களா?

நானும் எடுக்கவில்லை. எனக்கு வேறு பயம். 'வியாதிக்காரியைத் தலையில் கட்டிட்டா' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அடுத்த ரயிலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் பின்னால் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை கக்கூஸில் ரத்தத்தைப் பார்த்தேன். சளியும் ரத்தமுமாக. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கதவைத் தட்டினார்கள். எப்படியோ வந்து சேர்ந்தேன். புடவையில் கறை பட்டிருந்தது எனக்குத் தெரியாது, மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னடி, தூரமா? அதுக்குள்ளேயா?" என்றார். பதிலையும் அவரே சொன்னார். "பிரயாணம் பண்ணினா நாள் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். உள்ளே வராதே, அந்த மூலையில போய் உக்காரு."

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? ரத்தம் வந்த வழியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொல்லத் தயங்குகிற வார்த்தை அது. இன்னொன்றும் உண்டு. தூரம், அதாவது வீட்டுவிலக்கு, என்றால் மூன்று நாள் அம்மிப் பக்கம் போக வேண்டாம், படுத்துக்கொள்ளலாம். நிற்கக்கூட முடியாமல் இருந்த எனக்கு அந்தப் பாயைப் பார்த்ததும் சொர்க்கமாக இருந்தது.

வராந்தாவில் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. என்னை யாரும் தொடக்கூடாது, நானும் எதையும் தொடக்கூடாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், கக்கூஸ் வரிசை எனக்காக விலகியது. மேலே பட்டுவிடப் போகிறதே என்று எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். பம்பாய் வந்த பிறகு முதல் தடவையாகக் காத்திருக்காமல் போனேன்.

தண்ணீர்தான் கொடுமை. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, மாமியார் மேலே படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். மத்தியானம் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். எனக்கு நேர் எதிரே பொதுக்குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். நான் அதைத் தொட்டால் அந்த மாடியில் அத்தனை பானைகளையும் கவிழ்ப்பார்கள், அத்தனை வீட்டிலும் என் பேர் அடிபடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பு கொதித்தது. தலைக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. குழாயைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், தொடவில்லை. எனக்கே என் மேல் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. செத்தாலும் பரவாயில்லை, பேர் கெடக்கூடாது என்று ஒரு பெண்ணை எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள்!

மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் நிற்கவில்லை, வராந்தாவில் அப்படியே சரிந்தேன். சரியாக அந்த நேரத்தில் அவர் ஆபீஸிலிருந்து மாடிப்படி ஏறி வந்தார். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். குனிந்தார், கையை நீட்டினார். அப்புறம் நிமிர்ந்து, கதவருகில் நின்ற அம்மாவைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வெட்கம், தங்கைகள், ஊர் எல்லாம் மறந்துபோயிற்று. உயிர் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"ஏன்னா, இது தூரம் இல்லே!" என்று கத்தினேன். கத்தியதாக நினைப்பு, குரல் எவ்வளவு வந்ததோ தெரியாது. "வெளிக்குப் போறச்சே ரத்தம் போறது. மூணு நாளாப் போறது. தூரம்னு பொய் சொன்னேன். என்னைத் தொடுங்கோ, நான் செத்துடுவேன்."

முதலில் தொட்டது மாமியார்தான். யாரும் தொடக்கூடாத மடிப் புடவையோடு தரையில் உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் கையை வைத்ததும் சுட்டுக்கொண்ட மாதிரி எடுத்தார்.

"ஐயோ, நெருப்பா கொதிக்கறதேடா! வண்டியைக் கொண்டு வா, ஓடு!"

விக்டோரியா குதிரைவண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு மராத்திக்கார லேடி டாக்டர் இருந்தார். என் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தேன் என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை. கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சீதபேதி என்றும், தினம் ஊசி போட வேண்டும் என்றும் சொன்னார். பிழைப்பேனா என்று அவர் கேட்டார்.

டாக்டர் ஹிந்தியில் அவரைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். அவர் அதை அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிரயாணம் போய் வந்த வயிறு நாலு நாள் கெட்டால் பரவாயில்லை. ஒரு வாரத்தைத் தாண்டினால் வர வேண்டும். ரத்தம் கண்டால், காய்ச்சல் வந்தால், வாய் வறண்டு சிறுநீர் நின்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. தண்ணீரை நிறுத்தவே கூடாது. இதில் ஒன்று இருந்தாலே வர வேண்டும், இவளுக்கு எல்லாமே இருக்கிறது. ஒரே அறையில் இருக்கிறீர்கள், இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு காய்ச்சல் இருப்பது வீட்டில் ஒருவருக்குமா தெரியவில்லை?

மாமியார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "தொடலை."

அதை மட்டும் பிள்ளை டாக்டருக்கு ஹிந்தியில் சொல்லவில்லை.

பிழைத்து வந்தேன். உடம்பு தேறப் பல நாள் பிடித்தது. அதற்கும் அப்புறம் ஒரு நாள், நிஜமாகவே தூரமாகி, அந்த மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். வராந்தாவில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து என் நெற்றியில் கையை வைத்தார், பிறகு கழுத்தில் வைத்தார். "இல்லை, சுடலை" என்றார். திரும்பிப் போய் மறுபடியும் தலைக்குக் குளித்தார். அந்த மூன்று நாளும், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளித்தார்.