கடலில் ஓடிய இத்தாலிக்காரி

வெள்ளிக்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் ஒரு குடை இருந்தது, வழியில் சாப்பிட இரண்டு றோல்ஸ் இருந்தன, பழைய கார்களைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இந்த நாட்டில் இல்லை என்ற எண்ணமும் இருந்தது. றோல்ஸ் வேலணைக்கு முன்னரே முடிந்துவிட்டன. எண்ணம் மறுநாள் வரை தாக்குப்பிடித்தது.

நான் பழைய வாகனங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவன். ஓட்டுவது ஸ்கூட்டி. கார் ஓடவும் ஒருமுறை பழகினேன். பழக்கியவர் மூன்றாம் நாள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்.

கொழும்பில் பழைய கார் சேர்க்கும் நண்பர் ஒருவர்தான் என்னை அனுப்பியிருந்தார். அனலைதீவில் புகையிலைக் குடில் ஒன்றுக்குள் ஓர் இத்தாலியக் கார் நிற்கிறது, கூரை இல்லாதது, இருவர் மட்டும் இருக்கலாம், உலகத்திலேயே சிலதான் மிச்சம். அதை அவர் வாங்கப் போகிறார். சனிக்கிழமை அது கடல் கடந்து ஊர்காவற்றுறைக்கு வரும், அங்கே லொறி காத்து நிற்கும். என் வேலை, கார் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று விசாரித்து ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது. அந்த வரலாறு இல்லாவிட்டால் இத்தகைய கார் வெறும் அழகான இரும்புதானாம்.

இருபத்தைந்து கிலோமீற்றர் போக பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் கடல் கணுக்காலளவு ஆழத்தில் படுத்துக் கிடந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து படகில் இன்னொரு மணித்தியாலம். பங்குனி மாதக் கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எழுவைதீவு வந்தது, நின்றது, பின்னால் போனது. நாங்கள் அசைந்ததாகவே தெரியவில்லை.

அனலைதீவு இறங்குதுறையில் தர்மலிங்கம் அண்ணை நின்றார். எழுபது வயது, தோளில் துவாய், நடையில் ஒரு சாய்வு. போகும் வழியிலேயே விசாரணையை அவர் தொடங்கிவிட்டார்.

"தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?"

"கொக்குவில். என்ர சொந்த வீடுதான்."

"நல்லது. ஆம்பிளைக்கு ஒரு வீடும் ஒரு வாகனமும் வேணும்."

குடிலின் கதவைத் திறந்தார். புகையிலை வாசனைக்குள், ஓலைப் பாய்களுக்கு அடியில், பழுத்த மிளகாயின் நிறத்தில் அது படுத்திருந்தது. முன்பக்கம் நீளமாக, பின்பக்கம் சட்டென்று முடிந்து, தூங்கும்போதும் எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல. எந்தக் கம்பனி செய்தது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தரகர்கள் எல்லாம் படகு பிடித்து வந்துவிடுவார்கள். ஊரில் அதற்குப் பெயர் இத்தாலிக்காரி.

அதன் இடப்பக்கக் கதவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தவர் அண்ணையின் மனைவி, சிவமலர் அக்கா. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணைதான் இருவருக்குமாகச் சேர்த்துக் கதைத்தார்.

"மலைநாட்டில தோட்டம் வைச்சிருந்த வெள்ளைக்காரன் இறக்குவிச்ச கார். அவன் ஊருக்குப் போகேக்க, கொழும்பில கடை வைச்சிருந்த புங்குடுதீவார் ஒருத்தர் வாங்கினவர். அது இவவின்ர அம்மப்பா. பேந்து என்ர மாமா, இவவின்ர அப்பா. பேந்து நான். சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில ஓடினனான், தெரியுமோ? இருமி இருமி ஓடும்."

"பிறகேன் விக்கிறியள்?"

அவர் இடது முழங்காலைத் தட்டினார். "இது மடியுதில்லைத் தம்பி. கிளச் மிதிக்க ஏலாது. மகள் கனடாவில. ஓட ஆள் இல்லாத காரை வைச்சு என்ன செய்யிறது? கொழும்புக்காரருக்கு வாக்குக் குடுத்திட்டன்."

அக்கா துடைப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடி துடைத்தார், துடைத்த இடத்தையே.

அன்று பின்னேரம் அண்ணை வீட்டு விறாந்தையில் என் ஒரு பக்க வரலாற்றை எழுதி முடித்தேன். நான்கு உரிமையாளர்கள், நான்கு ஆண்கள். எழுத்து நன்றாக வந்திருப்பதாகவும் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை. ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி மரியதாஸ் அண்ணை, இரண்டு பெரிய வள்ளங்களை அருகருகே விட்டு, குறுக்கே பனைமரங்களைப் போட்டுக் கட்டி, மேலே பலகை பரப்பி வைத்திருந்தார். ஒரு வள்ளத்தின் இயந்திரத்தில் அவர், மற்றதில் அவர் தம்பி. இத்தாலிக்காரியை ஊரே தள்ளி ஏற்றியது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள்.

"எண்டாலும் ஒரு ஆள் பிரேக்கில கால் வைச்சுக்கொண்டு இருக்கவேணும்," என்றார் மரியதாஸ். "கைப்பிரேக் செத்துப்போச்சு."

தர்மலிங்கம் அண்ணைக்கு ஏலாது. முழங்கால் ஒரு காரணம். இன்னொன்று, தீவில் பிறந்து வளர்ந்த அந்த மனிதருக்குக் கடல் ஒத்துவராது. வள்ளம் கட்டையிலிருந்து அவிழுமுன்பே அவர் துவாயால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். ஆகவே நிபுணர் ஏறி அமர்ந்தார். கீழே மூன்று மிதிகள். நான் மிகுந்த நம்பிக்கையோடு ஒன்றை மிதித்தேன். கட்டை ஒன்று நழுவ, கார் கடலைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்தது.

"ஐயோ, உது கிளச்!" மரியதாஸ் கத்தினார். "இறங்கும் தம்பி, இறங்கும்! உம்மட காலுக்கு ஸ்கூட்டிதான் சரி."

"விலத்துங்கோ தம்பி," என்றது ஒரு குரல். சிவமலர் அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு வலப்பக்கக் கதவைத் திறந்தார். "நான் இருக்கிறன்."

நடுவில் இருந்த மிதியை மிதித்தார். கார் நின்றது. நான் இடப்பக்கம் போய்க் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புறப்பட்டோம். அதை எப்படிச் சொல்ல? திறந்த காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம். முன்கண்ணாடிக்கு அப்பால் தெரு இல்லை, வெள்ளி நிறத்தில் ஒரு பரப்பு மட்டும். கீழே இன்னொரு சிவப்புக் கார் தலைகீழாக எங்களோடு வந்துகொண்டிருந்தது. நீர்க்காகம் ஒன்று எங்களுக்கு முன்னால், வழி காட்டுவதுபோலத் தாழ்வாகப் பறந்தது. வெயில் ஏற ஏற இருக்கைத் தோலிலிருந்து புகையிலை வாசனை கிளம்பியது.

நேரம் போக்க நான் எழுதிய வரலாற்றை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காவது பெயர் வரை பொறுமையாகக் கேட்டவர் சிரித்தார்.

"எங்கட அப்பாவோ? அவர் சாரதி. இவரும் சாரதி."

"விளங்கேல்லை அக்கா."

"கார் அம்மாவுக்கு அம்மப்பா குடுத்த சீதனம். இதே கடலால, இதே மாதிரி ரெண்டு வள்ளத்தில கொண்டு வந்தவை. அம்மா எனக்குச் சீதனமாத் தந்தவ. சீதனம் பொம்பிளையின்ர. நான் மகளுக்குக் குடுக்கவேணும். கேட்டன். 'பனிக்குள்ள திறந்த கார் வைச்சு என்னம்மா செய்யிறது, உங்கட விருப்பம்' எண்டிட்டாள். ஆனா என்ர விருப்பத்தை இவர் கேக்கேல்லை. ஓட ஆள் இல்லை எண்டு தானே முடிவெடுத்திட்டார்."

"நீங்கள் ஓடுவியளோ?"

"ஒருநாளும் ஓடினதில்லை. அம்மாவும் ஓடினதில்லை. நாப்பது வரியமா உந்தப் பக்கத்திலதான் இருந்தனான். வீதியில பாக்க என்ன கிடக்கு? இவரின்ர காலைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுசரி, உந்தக் கொக்குவில் வீடு, சீதன வீடோ?"

நான் கவனமாக அலைகளைப் பார்த்தேன். அலை ஒன்றும் இல்லை.

அவர் ஸ்ரியறிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். சும்மாதான். ஆனால் வள்ளங்கள் இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் வளைந்தன. வலப்பக்கம் திருப்பினார், கடல் வலப்பக்கம் திரும்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். மரியதாஸ் இயந்திரத்தின் பிடியில் கையை வைத்தபடி, அக்காவின் கைகளைப் பார்த்துப் பார்த்து அப்படியே வளைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். தூரத்தில், கடலுக்கு நடுவே கட்டிய பழைய கோட்டை மிதந்து வந்தது. அக்கா ஒருமுறை ஹோர்ன் அடித்தார். கோட்டை விலகவில்லை, நாங்கள்தான் விலகினோம்.

ஊர்காவற்றுறையில் லொறி நின்றது. பலகை இறக்கினார்கள். கரையைக் கண்டதும் உயிர் வந்த அண்ணை எழுந்து உத்தரவு போடத் தொடங்கினார். "சிவமலர், இறங்கும். லொறியில ஏத்தவேணும்."

"நீங்கள் ஏறுங்கோ."

"எங்க?"

"நான் இவ்வளவு நாளும் இருந்த பக்கம்."

நான் இறங்கி இடம் விட்டேன். அண்ணை என்னைப் பார்த்தார், மரியதாஸைப் பார்த்தார். இருவரும் வேறெங்கோ பார்த்தோம். முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து அமர்ந்தார். அக்கா திறப்பைத் திருப்பினார். இத்தாலிக்காரி இருமி, தும்மி, ஒருமுறை செத்து, மறுபடி பிழைத்து, பலகையால் துள்ளி இறங்கினாள்.

"அக்காவிட்ட லைசன்ஸ் இருக்கோ?" என்றார் லொறிச் சாரதி.

"கடலில ஒரு மணித்தியாலம் ஓடிக்கொண்டு வந்தவ," என்றார் மரியதாஸ். "நீ ஓடுவியோ?"

கார் சுருவில் ஊர்ப் பக்கம் திரும்பியது, முதல் கியரில், மாட்டு வண்டியின் வேகத்தில். "கிளச்சை விடும், மெல்ல, மெல்ல!" என்று அண்ணையின் குரல் கேட்டது. "பேசாம இருங்கோ, எனக்குத் தெரியும்," என்று அக்காவின் குரல். பிறகு பனைகளும் வெயிலும் மட்டும்.

நாங்கள் தேத்தண்ணி குடித்தோம். லொறிச் சாரதி மூன்றுமுறை கொழும்புக்கு அழைப்பு எடுத்தார். கடைசியில் ஹோர்ன் சத்தம் வந்தது, அதன் பின்னால் கார் வந்தது, இப்போது இரண்டாவது கியரில். அக்காவின் தலைமயிர் கலைந்திருந்தது. அண்ணை வீதியைப் பார்க்கவில்லை. குனிந்து அக்காவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "தம்பி, கோவிக்காதேங்கோ. கொழும்புக்காரரிட்டச் சொல்லுங்கோ, ஓட ஆள் இருக்காம் எண்டு."

"நான் வாக்குக் குடுத்தனான் சிவமலர்," என்றார் அண்ணை.

"வாக்கு உங்கட. கார் என்ர."

அண்ணை எட்டிப் பெற்றோல் முள்ளைப் பார்த்தார். "பெற்றோல் காணாது," என்றார். "திரும்ப ஏத்த முன்னம் அடிக்கவேணும்."

"நான் இப்பத்தான் கயிறெல்லாம் அவிட்டனான்!" என்று கத்தியபடியே மரியதாஸ் கயிறைப் பொறுக்கப் போனார்.

பின்னேர பஸ்ஸில் என் வரலாற்றை எடுத்துத் திருத்தினேன். வெள்ளைக்காரன், புங்குடுதீவார், அக்காவின் அம்மா, சிவமலர். ஆண்கள் இருவரைச் சாரதிகள் என்று ஓரமாக எழுதினேன். விற்காத காருக்கு அந்த வரலாறு யாருக்கும் தேவையில்லை. நண்பரும் தொலைபேசியில் அதைத்தான், கொஞ்சம் காரமாகச் சொன்னார்.

கொக்குவிலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பதினெட்டு வருடமாக என் வீடு என்று நான் சொல்லிவரும் வீட்டின் வாசலில் விளக்கு எரிந்தது. முற்றத்தில் நின்ற ஸ்கூட்டியும், யோசித்துப் பார்த்தால், என் மனைவி பெயரில்தான். படியில் நின்று கேட்டேன்:

"உம்மட வீட்டுக்குள்ள வரலாமோ?"

அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, மேலும் கீழும் ஒருமுறை அளந்தாள்.

"காலைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள்.