மூன்று ஷிஃப்ட் நாடகம்

எங்கள் தெருவில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது. வல்லம் வடகால் பக்கத்துக் கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுத் தூங்குவார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. மே மாதத்தில்தான் தெரியும். ஓடினால் "ஷ்ஷ்". பந்து சுவரில் பட்டால் "ஷ்ஷ்". சிரித்தால்கூட ஏதாவது ஒரு கதவு திறந்து, ஒரு அம்மா உதட்டில் விரல் வைப்பாள்.

நான் அப்போது பி.எட். முடித்து, கல்யாணமாகி, ஒரகடத்துக்கு வந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பிள்ளைகள் என் வாசலில் வந்து சும்மா நிற்பார்கள். ஒருநாள் பஞ்சாயத்துப் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் போய், லீவு நாட்களில் ஒரு வகுப்பறையைத் தர முடியுமா என்று கேட்டேன். "பெஞ்ச உடைக்காம திருப்பிக் குடுத்தா போதும்மா" என்று சாவியைக் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எனக்குத் துணையாக வந்தவள் எங்கள் மாடி அறையில் தோழிகளோடு தங்கியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இருபது வயது இருக்கும். கம்பெனியில் லைனில் நின்று செல்போன் பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஒயிலாட்டம் தெரியும், தகர டப்பா கிடைத்தால் தாளம் போடுவாள். முதல் நாள் பிள்ளைகளைப் புங்கமரத்தடியில் நிற்க வைத்து, "இங்ஙன யாரும் தூங்கல. எல்லாரும் நல்லா கத்துங்க பாப்போம்" என்றாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். மெல்ல ஒரு சத்தம் வந்தது. "சத்தம் பத்தாது மக்கா!" என்றாள். அப்புறம் வந்த சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. எங்கள் கரும்பலகை அட்டவணையில் முதல் பாடமாக "கத்துதல்" என்றே எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெயில் ஏறும்வரை கபடி. பிறகு என் கணவர் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வரும் பேக்கிங் அட்டைகளை வெட்டி ஒட்டுவது. மத்தியானம் கட்டுச்சோறு. ஒயிலாட்டம் மட்டும் அட்டவணையில் ஓரிடத்தில் நிற்காது. மாடிப் பெண்ணின் ஷிஃப்ட் வாராவாரம் மாறும், அதோடு ஆட்டமும் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாறும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவள் தூங்காமலே வந்து நின்றாள். திட்டி அனுப்பினேன். மத்தியானம் மறுபடி வந்துவிட்டாள்.

கடைசி நாளுக்கு ஒரு நாடகம் வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். கதையையும் அவர்களே சொன்னார்கள். பகலில் தூங்குகிற ஒரு ராஜா. அவனுக்காக நாடு முழுக்க யாரும் சத்தம் போடக் கூடாது. சேவல் கூவக் கூடாது, மணி அடிக்கக் கூடாது. கடைசியில் காட்டிலிருந்து ஒரு புலி வந்து அவன் காதருகே உறுமும். ராஜாவுக்கு நல்ல கனத்த குரலுள்ள ஒரு பையன் கிடைத்தான். அவன் பேசுகிற வசனமே ஒன்றுதான்: "சத்தம் போடாதே!" காட்சிக்குக் காட்சி அதையே கத்துவான். புலி, மூன்றாம் வகுப்புச் சிறுமி. உறுமுவேன் என்று அவளாகவே கை தூக்கியபோது எனக்கு ஆச்சரியம். வாயைத் திறக்காத பிள்ளை அவள்.

எந்த நேரத்தில் நாடகம் போடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"எங்கப்பா நைட் ஷிஃப்ட்டு டீச்சர். சாய்ந்தரம் கிளம்பிடுவாரு" என்றாள் புலி.

"எங்கம்மா செகண்ட் ஷிஃப்ட்டு. மத்தியானமே பஸ் வந்துடும்" என்றான் ராஜா.

"எங்க வூட்ல ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு" என்றது இன்னொரு குரல்.

மாடிப் பெண் சட்டென்று, "அதுக்கென்னக்கா? நாமளும் மூணு ஷிஃப்ட்டும் போட்டுருவோம்!" என்றாள். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் குதித்தார்கள். பெஞ்ச் உடையுமோ என்று பயமாக இருந்தது. நானும் சேர்ந்து தட்டினேன்.

கடைசி நாள் காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றதும், அட்டைக் கிரீடமும் வாலுமாகப் பிள்ளைகள் ஓடிப்போய் இறங்கியவர்களின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். மாடிப் பெண்ணுக்கு அன்று முதல் ஷிஃப்ட். லீவு கிடைக்கவில்லை. அவள் டப்பாவை நான்தான் தட்டினேன், தாளம் தப்பித் தப்பி. புலியின் அப்பா கண் சிவந்து, கதவோரம் சாய்ந்து, பாதியிலேயே கண்ணை மூடிவிட்டார். புலி தவழ்ந்து வந்தது. ராஜாவை விட்டுவிட்டு நேராக அவரிடம் போய், காதருகே ஒரு உறுமல் விட்டது. மனிதர் துள்ளி எழுந்தார். அறை முழுக்கச் சிரிப்பு.

"இன்னாடி இது! உனுக்கு இவ்ளோ சத்தம் வருமா?" என்றார். அவளைத் தூக்கி, "இன்னொரு தபா பண்ணு" என்றார். அவள் பண்ணினாள்.

மத்தியானம் யூனிஃபார்ம் போட்ட அம்மாக்கள், கையில் டிபன் பையோடு. புலி வருவதற்குள் பஸ் ஹார்ன் கேட்டுவிட்டது. "டிரைவர்கிட்ட சொல்லிட்டு வரேன்" என்று ராஜாவின் அம்மா ஓடினாள். போனவள் டிரைவரையே கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, போகும்போது ஹார்னை நீளமாக அடித்தார்.

சாயங்காலம் அறை கொள்ளாது என்று நாடகத்தைப் புங்கமரத்தடிக்கு மாற்றினோம். மாடிப் பெண் கம்பெனியிலிருந்து நேராக ஓடி வந்து, என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். தூங்கி எழுந்து டூட்டிக்குக் கிளம்பிய புலியின் அப்பா, பஸ் வரும்வரை இன்னொருமுறை பார்க்க வந்திருந்தார். காலையில் பார்த்தவர்களில் பாதிப் பேர் மறுபடி அங்கே இருந்தார்கள்.

ராஜா எழுந்து நின்று வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. காலையிலும் மத்தியானமும் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. கண் கலங்கி என்னைப் பார்த்தான். நான் மாடிப் பெண்ணைப் பார்த்தேன்.

மாடிப் பெண் டப்பாவை ஒரு தட்டு தட்டி, கூட்டத்தைப் பார்த்து, "ராசா என்ன சொல்லுவாரு? சொல்லுங்க!" என்றாள்.

முதலில் ஒன்றிரண்டு குட்டிக் குரல்கள். பிறகு புலியின் அப்பா. பிறகு எல்லோரும், நைட் ஷிஃப்ட்காரர்களும், உதட்டில் விரல் வைக்கிற அம்மாக்களும், தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"சத்தம் போடாதே!"

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு கையை ஓங்கினான். மறுபடி கத்தினார்கள். அவன் விரலை நீட்டினால் கத்தல், முறைத்தால் இன்னும் பெரிய கத்தல். வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். புலி உறுமியபோது அது யார் காதிலும் விழுந்திருக்காது, அவ்வளவு கைதட்டல். மாடிப் பெண் தாளத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சாவியைக் கொடுக்கப் போனேன். ஹெட்மாஸ்டர் கை நீட்டவில்லை.

"கேட்டேன்மா. எங்க வூடு வரிக்கும் கேட்டுது" என்றார். "இன்னும் ஒரு வாரம் வச்சிக்கோ."

பிள்ளைகளிடம் சொல்ல நான் தெருவுக்கு ஓடினேன்.