பெடல் இல்லாத சத்தம்

நாங்கள் இருக்கும் ஊரில் குளிர்காலம் வந்தால் கார்களின் மூக்கிலிருந்து ஒரு மின்சார வயர் தொங்கும். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது புதினமில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். படுக்கப் போகமுன் காரைச் சுவரிலுள்ள பிளக்கில் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இஞ்சின் எழும்பாது. வந்த முதல் வருஷம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "உங்கள் கார் கறண்டில் ஓடுகிறதா?" என்று கேட்டேன். "இல்லை, பெற்றோலில்தான்," என்றார். "பிறகு ஏன் வயர்?" "குளிருக்கு." "காருக்குமா குளிரும்?" நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் பகிடி விடவில்லை. ஸ்ரீலங்காவில், வெயில் எரிக்கும் கரடியனாற்றில் பிறந்தவனுக்கு, ஒரு இயந்திரத்தைச் சூடாக்கிவிட்டுத்தான் வேலை வாங்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? நாங்கள் உழவு இயந்திரத்தைக் குளிர வைக்கத் தண்ணீர் தேடி ஓடிய ஆட்கள்.

அந்த அறியாமையோடுதான் டுவெயினின் கராஜுக்கும் போனேன். டுவெயின் என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என் வயதுதான். தொப்பி இல்லாமல் அவனை நான் கண்டதில்லை. அவனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு கன்ட்ரி இசைக்குழு வைத்திருந்தார்கள். அவர்களுடைய கிற்றார்காரன் வேறு நகரத்துக்குப் போய்விட்டதால் ஆள் தேடினார்கள். நானோ ஊரில் றொக் வாசித்தவன். கன்ட்ரி என்றால் தொப்பிக்காரர்கள் மாட்டையும் லொறியையும் விட்டுப்போன பெண்ணையும் பற்றிப் பாடுவது, அதற்கு வாசிக்க என்ன கிடக்கிறது என்ற எண்ணத்தோடு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது, கிற்றாரின் சத்தத்தைப் பெருப்பிக்கும் பழைய வால்வ் அம்ப். சுவிட்சைப் போட்டுக் கம்பியைத் தட்டினேன். சத்தமில்லை. திருகியைக் கொஞ்சம் கூட்டினேன். இல்லை. எல்லாத் திருகியையும் கடைசி மட்டும் திருகினேன். டுவெயின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வால்வுகள் சூடேறிவிட்டன, நானும் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டேன். சுவரில் கொழுவியிருந்த சாவிகள் விழுந்தன. அவனுடைய நாய் வீட்டுக்குள் ஓடியது, அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை. "அது சூடாகக் கொஞ்ச நேரம் கொடுக்க வேணும்," என்றான் டுவெயின் ஆறுதலாக. "நாயிடம் நீதான் மன்னிப்புக் கேட்க வேணும்."

கடைசி மட்டும் திருகுவது என் கைப்பழக்கம். எங்கள் ஊருக்குக் கிட்ட, செங்கலடியில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடையொன்றில் நான் வேலை செய்தேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு: ரமணன் பேஸ் கிற்றார், ஜெறோம் ட்ரம்ஸ், நான் லீட் கிற்றார். எங்களுக்கென்று அம்ப் கிடையாது. கடை லவுட்ஸ்பீக்கர் செட்டில் கிற்றாரைச் செருகுவோம். குழாய் ஸ்பீக்கர் எங்கேயோ தென்னையின் உச்சியில் கட்டியிருக்கும். முழுக்கத் திருகினால் சத்தம் உடைந்து கரகரவென்று வரும். அந்தக் கரகரப்புத்தான் றொக் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிறகு ரமணன் கொழும்பிலிருந்து ஒரு பெடல் கொண்டுவந்தான். காலால் மிதித்தால் அதே கரகரப்பு, இன்னும் பெரிதாக. அது யுத்தக் காலம், எங்கள் பக்கம் பொழுதுபட்டால் ஆட்கள் மெல்லக் கதைத்த காலம். நாய் குரைத்தால் விளக்கை நூர்த்து இருட்டில் இருப்போம். சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவோம். வாயைத் திறக்கவே பயந்த பெடியனுக்கு, காலால் ஒரு மிதி மிதித்தால் வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் தன் கையிலிருந்து வருகிறதென்றால், அதை அவன் விடுவானா? அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கரகரப்பை யாரும் எனக்கு முன்னால் இளக்காரமாகப் பேசக் கூடாது. டுவெயின் பேசவில்லை. தன் கிற்றாரை எடுத்தான், அவ்வளவுதான்.

அவன் கம்பியை மீட்டவில்லை, நுள்ளினான். பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையில் பிக் என்ற சின்னத் தகட்டைப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் கம்பிகளை நுள்ளி நுள்ளி விட்டான். கோழி நெல்லுப் பொறுக்குகிற மாதிரி டொக், டொக் என்று நோட்டுகள் வந்தன. வந்த உடனேயே இடது கை விரலைத் தூக்கிவிடுவான், நோட்டு அந்த இடத்திலேயே செத்துப்போகும். றொக்கில் நாங்கள் ஒரு நோட்டைப் பிடித்துவைத்து அழவைப்போம். இவன் பிடிப்பதும் விடுவதும் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்பில் பெடல் இல்லை, கரகரப்பு இல்லை. தண்ணீர் மாதிரித் தெளிந்த சத்தம், ஆனால் கூர். நான் அவனுடைய கிற்றாரைக் கேட்டு வாங்கி அதே பாட்டை வாசித்தேன். வாசித்தேன் என்று சொல்லக் கூடாது. இத்தனை வருஷம் பழகிய என் கை நொண்டியது. அப்போதுதான் விளங்கியது, கரகரப்பு ஒரு போர்வை. பத்துப் பிழை விட்டாலும் மூடிவிடும். இந்த அம்ப் அரைப் பிழையையும் தூக்கி எல்லாருக்கும் காட்டும். உடுப்பில்லாமல் சந்தியில் நின்றது போல இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சேத்துக்கிட்டானுகளா?" என்றாள். "அவனுகள் சேப்பானுகள், என்ட கைதான் சேருதில்ல," என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நிலக்கீழ் அறையில் இருந்து நுள்ளிப் பழகினேன். நானும் ஒரு சின்ன வால்வ் அம்ப் வாங்கினேன். பழகப் பழகத்தான் அந்தச் சத்தத்தின் நியாயம் பிடிபட்டது. எங்கள் வட்டை வயல்களில் ஒரு வரம்பில் நிற்கிறவன் தூரத்து வரம்பில் நிற்கிறவனைக் கூப்பிட நீட்டிக் கத்த மாட்டான். நீட்டினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். "ஓய்! ஓய்!" என்று வெட்டி வெட்டித்தான் கூப்பிடுவான். அது போய்ச் சேரும். கன்ட்ரி கிற்றாரும் அப்படித்தான். ஒரு நாள் பாட்டுக்கு நடுவில் என் வலது கை தன்பாட்டில் எங்கள் ஊர் ஆட்டப்பாட்டான பைலாவின் துள்ளலுக்கு மாறிவிட்டது. டுவெயின் நிறுத்தி, "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டான். "ஸ்ரீலங்கா," என்றேன். "நீ எங்கிருந்து வருகிறாய் என்று தெரியும். இந்த வாசிப்பு யாரிடமிருந்து?" யாரிடமிருந்து என்று ஒருவரைச் சொல்ல முடியுமா? கலியாண வீடுகளிலிருந்து, பஸ்ஸிலிருந்து, ஜெறோமின் ட்ரம்ஸிலிருந்து. நான் திரும்பவும், "ஸ்ரீலங்கா," என்றேன். அவன் யோசித்துவிட்டு, "சரி, அதை விடாதே," என்றான்.

வீட்டில்தான் வேறு கதை. மகள் அபிக்கு அப்போது பதினான்கு வயது. "அப்பா, ஸ்கூல்ல ஆரும் கேட்டா நீங்க ஜாஸ் வாசிக்கிறீங்க எண்டுதான் சொல்லுறன்," என்றாள். எங்கள் ஆட்களோ வாய்க்கு வாய், "மாட்டுக்காரன் பாட்டு," என்றார்கள். சொல்லட்டும். களவெட்டியில் நெற்கதிர்மேல் மாட்டை விட்டுச் சூடு மிதித்து, அந்த மாட்டுக்குப் 'பொலி, பொலி' என்று பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். மாட்டுக்காரன் என்றால் எனக்கு என்ன வெட்கம்?

போன சித்திரைக்கு அபியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். என் சின்ன அம்பை உடுப்புகளால் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். செங்கலடிக்குக் கிட்ட, வாவிக் கரை மைதானத்தில் புத்தாண்டு விளையாட்டு விழா. இப்போது சொந்தமாக லவுட்ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் ரமணன்தான் மேடைக்குப் பொறுப்பு. பழைய மூன்று பேரும் திரும்ப வாசிப்பதாகப் பேச்சு. விழாவுக்கு முதல் நாள், அபியும் பக்கத்தில் நிற்க, அவன் கடையில் அம்பை வெளியே எடுத்தேன்.

"டேய் கனடா, அம்ப் எண்டு சொல்லிப்போட்டு மீன் பெட்டியயா தூக்கிட்டு வந்திரிக்காய்?" என்று ரமணன் வயரைப் பிளக்குக்குக் கொண்டுபோனான்.

"தொடாதடா! இது அங்கத்தக் கறண்டுக்குச் செஞ்சது. நம்மட கறண்டுல நேராப் போட்டா புகைதான் வரும்."

"அப்ப உன்னப் போலத்தான்," என்றான். ஜெறோம் விழுந்து விழுந்து சிரித்தான்.

கறண்டைக் குறைக்க நகரத்தில் வாங்கிவந்த ட்ரான்ஸ்போமரை இடையில் வைத்து, அம்ப் சூடாகும் வரை பொறுத்து, டுவெயினோடு வாசிக்கும் ஒரு கன்ட்ரி மெட்டை வாசித்துக் காட்டினேன். ஜெறோம் மேசையில் தாளம் தட்டி, "நல்லாத்தான் இரிக்கு மச்சான்," என்றான். ரமணன் கையைக் கட்டிக்கொண்டு, பிறகு என்ன என்பது போல நின்றான்.

"மறுகா?"

"மறுகா என்ன?"

"மறுகா, பாட்டு எப்ப துவங்கும்?"

"இதான் பாட்டு."

ரமணனின் முகம் மாறியது. "அங்க போய் வாய மூடப் பழகிட்டாய்டா. மெல்லக் கதை எண்டு அவனுகள் சொல்லிரிப்பானுகள், நீயும் மெல்லக் கதைக்கிறாய். சத்தமே போடக் கூடாது எண்ட காலத்துல போட்டவனுகள் நாம. இந்தா பெடல். இது இல்லாட்டி நாளைக்கு மேடை இல்ல உனக்கு."

நான் அம்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பி வரும் வழியில் அபி கேட்டாள்: "அப்பா, அந்த மாமா சொன்னது உண்மையா? நீங்க அங்க எல்லாருக்கும் சொறி சொறி எண்டுதானே சொல்லுவீங்க. உங்கள இடிச்ச ஆளுக்கும் சொல்லுவீங்க." மகள் கேட்டது கிற்றாரைப் பற்றியல்ல, நான் கேட்கும் மன்னிப்பைப் பற்றியும் அல்ல. அவளுடைய அப்பன் பணிந்துபோன ஆளா இல்லையா என்று கேட்டாள். அதற்கு வாயால் பதில் சொன்னால் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் பின்னேரம் மைதானம் நிறைந்த சனம். ஒரு பக்கம் வழுக்குமரம், மற்றப் பக்கம் தலையணைச் சண்டை. ரமணன் என் கிற்றாருக்கும் அம்புக்கும் இடையில் பெடலை மாட்டி, அதைத் தன் காலுக்குக் கிட்ட வைத்துக்கொண்டான். முதல் பாட்டு எங்கள் பழைய றொக். வாவிக் காற்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக் குழைத்துவிட்டது. முன்னால் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள், பின்னால் நின்றவர்கள் வழுக்குமரத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது என் பாட்டு. தொடங்கமுன் பெடலை நிறுத்தினேன். ரமணன் என்னைப் பார்த்துக்கொண்டே காலால் அதை மிதித்துத் திரும்பப் போட்டான். நான் குனிந்து பெடலிலிருந்த என் கிற்றார் வயரை இழுத்து, நேரே அம்பில் குத்தினேன். ஸ்பீக்கரில் டமார் என்று ஒரு வெடி. சனம் கூவென்றது. ரமணன் பேஸ் கிற்றாரைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டான்.

நுள்ளத் தொடங்கினேன். நாலாவது வரியில் விரல் சறுக்கி ஒரு நோட்டு பிழைத்தது. மைதானம் முழுக்க அந்தப் பிழை தனியாகக் கேட்டது. முன்னால் நின்ற ஒருவன், "அண்ணே, கம்பி அறுந்திட்டா? கயிறு தரட்டா?" என்றான், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அபி தலையைக் குனிந்துகொண்டாள். தொழிற்சாலையில் என்றால் அந்த இடத்தில் சொறி சொல்லியிருப்பேன். இங்கே நிறுத்தினேன். திருகியைக் கொஞ்சம் கூட்டினேன். பிழைத்த அதே வரியை, அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, திரும்ப வாசித்தேன். சரியாக வந்தது. இன்னொரு தரமும் வாசித்தேன். ஜெறோமுக்குப் பொறுக்கவில்லை. ட்ரம்ஸில் பைலாவைப் போட்டான். கன்ட்ரியும் பைலாவும் ஒரே வண்டியில் ஏறி ஓடின. வெட்டி வெட்டி வந்த ஒவ்வொரு நோட்டும் வழுக்குமரம் வரைக்கும் போனது. மரத்தில் பாதி ஏறியிருந்தவன் திரும்பிப் பார்த்துச் சறுக்கி விழுந்தான். கயிறு தருகிறேன் என்றவன் ஆடினான். எல்லாரும் ஆடினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் கண்ணைக் கட்டி மண் முட்டி உடைக்கிற பக்கம் போய்விட்டார்கள். ரமணன் கடைசி வரைக்கும் பேஸைத் தொடவில்லை. அபி நிமிர்ந்து நின்றாள்.

சாமான் ஏற்றும்போது ரமணன் கிட்ட வந்தான்.

"பிழ விட்டது எல்லாருக்கும் கேட்டுதுடா."

"ஓம். கேக்கும்தான்."

"பெடல் இருந்தா கேட்டிருக்காது."

"சரியா வாசிச்சதும் கேட்டிருக்காது."

அவன் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "பயமில்லையா உனக்கு?"

"பயம்தான். வாய மூடினவன் அந்த மேடையில அப்பிடி நிப்பானா, நீயே சொல்லு."

 அவன் அம்பைத் தூக்கி நான் வந்த வாகனத்தில் வைக்காமல் தன் லொறியில் வைத்தான். "இது இஞ்ச கிடக்கட்டும். நீ போ," என்றான். ட்ரான்ஸ்போமரையும் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் வழியில் அபி, "அப்பா, இனி ஸ்கூல்ல அது கன்ட்ரி எண்டே சொல்லுறன்," என்றாள். 

பிள்ளைகளே, அங்கே ஊருக்குப் போனால் மாறிவிட்டாய் என்பார்கள், இங்கே இருந்தால் இன்னும் மாறவில்லையே என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் சொறி சொல்வதை நிறுத்திவிட்டேன். டுவெயினோடு அவனுடைய பழைய அம்பில் வாசிக்கிறேன், பைலாத் துள்ளலை விடவில்லை. வீட்டில் எனக்கு அம்ப் இல்லை. இந்த மாரிக்கு ஒரு நாள், இங்கே விடிந்து அங்கே பொழுதுபட்ட நேரம், ரமணன் அழைத்தான். "மச்சான், மழ துவங்கிட்டு. அம்ப் ஈரம் பிடிச்சிரும் எண்டு சூடேறப் போட்டு வெச்சிரிக்கன். கேக்குதா?" கைபேசியை அம்புக்குக் கிட்டப் பிடித்தான் போல. தகரக் கூரையில் மழை. அதற்குள்ளே, கிற்றார் மாட்டாத என் அம்ப் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. நான் கட்டிலில் கிடந்த கிற்றாரை எடுத்து, வயர் இல்லாமலே அந்தக் கன்ட்ரி மெட்டின் முதல் வரியை நுள்ளினேன். "கேக்கல்லடா," என்றான் ரமணன், "பலமா நுள்ளு." ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. நான் பலமாக நுள்ளினேன்.