ஸ்கேனில் ஒன்றும் இல்லை

துறைமுகத்தில் கன்டெய்னரை ஸ்கேன் செய்து, ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கே வெளியே விட்டுவிடுவார்கள். அந்தக் கிளியரன்ஸ் வேலைதான் எனக்கு.

இன்று என் வயிற்றுக்கு மூன்றாவது ஸ்கேன்.

எட்டு மாதமாக எதைத் தின்றாலும் வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையாக இருக்கலாம் என்றார் டாக்டர். ரிப்போர்ட்டில் கல்லும் இல்லை, வீக்கமும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிறார்.

துறைமுக வாசலில் லாரி டிரைவர் அண்ணாச்சி ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏலே, ஸ்கேன் என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு அண்ணாச்சி."

"பொறவென்னலே, கிளியர்தான! வா, புரோட்டா திம்போம்."

அழுகை வந்தது. அவருக்காகச் சிரித்து வைத்தேன். அதற்கும் வலித்தது.

ஒரு கல்லாவது இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன். இப்படி வேண்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.